ஒட்டகத்தின் பின்பாதி

பகல் பதினொன்று பத்துக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வது என் ஞாபகசக்தியால் அல்ல. சர்ச் கேட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆன்ட்டி அதை நோட்டில் எழுதினார். மேசைக்கு எதிரே நின்று நான் தலைகீழாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். பதினொன்று பத்து, ஓர் ஆள், டோக்கன் இல்லை என்று இந்தியில் இருந்தது. அந்த ஓர் ஆள் என் அப்பா.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஐந்து. சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். போர்ட் பிளேருக்கு வந்து இறங்கியபோது இரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா கராச்சர்மாவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று கட்சாலுக்கே திரும்பிப் போய்விட்டார். கப்பல் வரும்போது கடிதம் வரும், அவர் வரமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் தீவில் எல்லாக் கேள்விக்கும் பதில்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லை. எங்கள் அறையில் முருகன் படம் இருந்தது, அதற்குக் கீழே, கட்சாலில் எங்கள் அண்ணன் எண்ணெய் வைத்துவந்த கிண்ணம் ஒன்று மட்டும் இருந்தது, அவ்வளவுதான் சாமி விஷயம். மே மாத லீவில் எங்களைக் கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்துப் பார்த்தாள் அம்மா. மூன்றாம் நாள் தம்பி ஒரு புடவைக்கட்டின் மேல் ஒன்றுக்குப் போய்விட்டான். கடைக்கார பாய்தான் வழி சொன்னார்.

"மரைன் ஹில் ஏறுற வழியில சர்ச்சுல லீவுக் கிளாஸ் நடக்குதும்மா. பாட்டு, கதை, சோறு எல்லாம் உண்டு. பத்து நாளைக்கு அங்க விட்டுடு."

அம்மா தயங்கினாளாம்.

"எங்க சாமி உங்க சாமின்னு பாக்காத. கேட்டுல ஆள் வச்சு எண்ணி விடுறாங்க. அதைப் பாரு," என்றாராம் அவர்.

எண்ணி விடுகிற ஆள்தான் ராஞ்சி ஆன்ட்டி. ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் பேத்தி. தீவில் எத்தனை தலைமுறை பிறந்தாலும் அவர்களுக்கு ராஞ்சிதான் பெயர். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. பிறந்த குழந்தையின் காலில் நம்பர் சீட்டுக் கட்டி, அதே நம்பரை அம்மாவின் மணிக்கட்டிலும் கட்டுவது அவர் வேலை. லீவு போட்டுவிட்டு சர்ச் கேட்டுக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸ்களுக்கு வந்த வாழ்த்து அட்டைகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றையும் நடுவில் கோணல்மாணலாக வெட்டியிருந்தார். ஒரு பாதி பிள்ளையின் சட்டையில் ஊக்கால் குத்தப்படும். மறுபாதி, டோக்கன் என்ற பெயரில், கொண்டுவந்து விட்டவர் கையில். மத்தியானம் இரண்டு பாதியும் மேசைமேல் பல்லோடு பல்லாகப் பொருந்தினால்தான் பிள்ளை வெளியே போகும். சுனாமி முகாம்களில் யார் யாரோ உறவு சொல்லிக்கொண்டு வந்து பிள்ளைகளைக் கேட்டார்கள் என்ற பேச்சு அப்போது ஊர் முழுக்க இருந்தது. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. யாருக்கு எந்தப் படம் வந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். எனக்கு ஒட்டகத்தின் பின்பாதி, வாலோடு. முன்பாதி அம்மாவின் மணிபர்ஸில். தம்பிக்குக் கழுதையின் முகம் வந்துவிட்டது. அவன் பத்து நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "மே கதா ஹூ(ங்)" என்று தன்னைக் கழுதை என்று அறிமுகப்படுத்திக்கொண்டு திரிந்தான்.

அந்த வகுப்பைப் போல ஓர் ஆனந்தத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. மூன்று மொழியில் ஒரே பாட்டு. கை தட்டி, குதித்து, சுற்றி, விழுந்து பாடவேண்டிய பாட்டு. மஞ்சள் சர்பத். வண்ணக் காகிதமும் பசையும் எவ்வளவு கேட்டாலும் கிடைக்கும். சர்ச்சில் கதை சொல்லும் அண்ணன் ஒருவர் படங்கள் வரைந்த பெரிய தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு தாள் மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. ஒரு நாள் நான் போய்த் திருப்பிப் பார்த்தேன். மிருகங்கள் ஏறிய பெரிய படகு, சுற்றிலும் தண்ணீர். இவ்வளவு நல்ல படத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "இந்த வருஷம் வேண்டாம்மா," என்று சொல்லி அவர் அதைத் திரும்பவும் சுவருக்குக் காட்டிவிட்டார்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் என் மகளை அதுபோன்ற ஒரு லீவு வகுப்பிலிருந்து அழைக்கப் போனேன். சீட்டை எடுக்கக் கைப்பையில் துழாவிக்கொண்டிருந்தேன். கேட்டில் நின்ற பெண் சிரித்தபடி, "பரவால்ல மேடம், முகத்தப் பாத்தாலே தெரியுது," என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டுத் தெருமுனை வரைதான் நடக்க முடிந்தது. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா?" என்றாள். முகத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தால், அந்த மே மாதத்தில் என் தம்பி போயிருப்பான். அப்பாவின் முகம் அப்படியே தம்பியின் முகம்.

ஏழாம் நாள் அது. பிஸ்கட் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கேட் கம்பிக்கு வெளியே நீலப்பை ஒன்றும், அதைத் தூக்கிய தாடிக்காரர் ஒருவரும் தெரிந்தார்கள். தாடிக்குள் இருப்பது யார் என்று எனக்கு இரண்டு நொடியில் தெரிந்துவிட்டது. வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினேன். பிஸ்கட்டை இழந்ததைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்றால், எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாப்பா," என்றார் அப்பா. கம்பிக்குள் விரல்களை விட்டு என் கன்னத்தைத் தொட்டார். "தம்பி எங்க?"

தம்பி எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். கட்சாலுக்கு அப்பா போனபோது அவனுக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை.

"யாருக்கா இது?" என்று என் காதில் கேட்டான்.

"அப்பாடா, கழுதை."

"கழுதை" என்றதும் அவனுக்கு நம்பிக்கை வந்தது. முன்னால் வந்து அட்டையைக் காட்டினான்.

அப்பா பையிலிருந்து இரண்டு பந்துகளை எடுத்துக் கம்பி வழியே கொடுத்தார். உறைந்த ரப்பர்பாலை நூல்நூலாக இழுத்துச் சுற்றிய பந்து. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். கடைப்பந்து ஆளுயரம் எழும்பினால் அது தென்னையுயரம் எழும்பும். தம்பி ஒரு தடவை தரையில் அடித்தான். பந்து சர்ச் ஓட்டுக்கூரையில் போய் இடித்துவிட்டுத் திரும்பி வந்தது. எண்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓவென்று கத்தினார்கள். அப்படியொரு வரவேற்பு எந்த அப்பாவுக்கும் கிடைத்திருக்காது.

ஆன்ட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டோக்கன்?" என்று கையை நீட்டினார்.

"நான் இதுகளோட அப்பாங்க. காலையிலதான் நிக்கோபார் கப்பல்ல வந்து எறங்குனேன். டோக்கன் வீட்டம்மாகிட்ட இருக்கும்."

"டோக்கன் நஹி, தோ பச்சா பி நஹி," என்றார் ஆன்ட்டி. டோக்கன் இல்லையென்றால் பிள்ளையும் இல்லை. குரலில் கோபம் எதுவும் இல்லை. பஸ் நிற்காது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஆன்ட்டி, இது சொந்த அப்பா. எங்க அப்பா," என்று நான் இந்தியில் மன்றாடினேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "மகளே, வார்டுல பாப்பா அழும். யார் தூக்கினாலும் அழுகை நிறுத்தும். நிறுத்தினா அவங்க அம்மாவா?"

பிறகு பெட்டியிலிருந்து எங்கள் பெயரெழுதிய அட்டையை எடுத்துப் பார்த்தார். பிள்ளைகளை அழைக்க வரக்கூடியவர்கள் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், கடைக்கார பாயின் சம்சாரம் பெயர். அப்பா என்ற இடத்தில் நீளமாக ஒரு கோடு. ஊரில் இல்லாதவரை எழுதுவானேன் என்று அம்மா விட்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கோட்டின் மேல் அம்மா பேனாவை இரண்டு தடவை ஓட்டியிருந்தாள்.

ஆன்ட்டி கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொன்னார். குடிக்கத் தண்ணீரும் நாலு பிஸ்கட்டும் அனுப்பினார். அப்புறம் சர்ச் ஆபீஸிலிருந்து துணிக்கடைக்குப் போன் போட்டார். ஹாடோ துறைமுகத்துக்குச் சரக்கு வந்திருக்கிறது, கட்டுகளை எண்ணி எடுக்க அம்மா அங்கே போயிருக்கிறாள், திரும்பி வந்ததும் அனுப்புகிறேன் என்றாராம் பாய்.

அப்பா பிஸ்கட்டைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். சற்றுக் கழித்துத் திரும்பவும் பார்த்தார்.

சர்ச் முற்றத்தில் நின்றால் கீழே துறைமுகம் தெரியும். அன்று அங்கே இந்தியக் கரைக்குப் போகிற மெயின்லாண்ட் கப்பல், வெள்ளையாக, ஐந்தாறு மாடியோடு நின்றது. அப்பா அதைக் கண்ணால் காட்டினார்.

"அந்தக் கப்பலுக்குள்ள போயிருக்கியா பாப்பா?"

"இல்லப்பா. நம்ம வந்தது சின்னதுல்ல."

"உள்ள கேண்டீன் இருக்கு. முட்ட, ரொட்டி எல்லாம் குடுப்பான். மேல நின்னா ஊரே தெரியும். தம்பிக்குக் காட்டலாம்னுதான் வந்தேன். நாளைக்குப் பொறப்படுறதா இருந்துச்சு, இன்னிக்கு மூணு மணின்னு மாத்திட்டான். ஒரு மணிக்குள்ள ஏறிடணும்."

தீவில் கப்பல் நேரம் மாறுவது மழை பெய்கிற மாதிரி. யாரும் காரணம் கேட்பதில்லை, ஓடுவார்கள். நானும் காரணம் கேட்கவில்லை. ஒரு மணிக்குள் கப்பலைச் சுற்றிப்பார்க்க வேண்டும், இந்த ஆன்ட்டி விடமாட்டார், அம்மா ஹாடோவில் துணி எண்ணிக்கொண்டிருக்கிறாள். என் நெஞ்சு அந்த ரப்பர் பந்தைப் போல எகிறியது. உலகத்தில் உள்ள அத்தனை நல்ல விஷயமும் கம்பிக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நடுவில் பாதியாக வெட்டிய ஓர் ஒட்டகம்.

யோசனை எனக்குத்தான் வந்தது. அப்பா கேட்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"அப்பா," என்று கம்பியில் வாயை வைத்துச் சொன்னேன். "கக்கூஸுக்குப் பின்னால சுவரு குட்ட. அந்தப் பக்கம் ரோடு ஏறி வருது."

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, நான் பொறவு வர்றேம்மா," என்று ஆன்ட்டிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். ஆன்ட்டி தலையாட்டிவிட்டு நோட்டில் அதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

கிச்சடிக்கு எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தபோது நான் தம்பியின் கையைப் பிடித்தேன்.

"எனக்குக் கிச்சடி வேணும்."

"கப்பல்ல முட்ட குடுப்பாங்கடா."

"ரெண்டா?"

"மூணு."

கேள்வி கேட்காமல் வந்தான். கழிப்பறைக்குப் பின்னால் வாழைமரங்கள், உடைந்த பெஞ்சுகள், அப்புறம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலை தெரிந்தது. நான் ஒரு பெஞ்சை நிமிர்த்திப் போட்டு ஏறி, தம்பியைத் தூக்கிச் சுவர்மேல் உட்காரவைத்தேன். அவன் ஊக்குக் குத்துகிறது என்று முனகினான். அப்பா இரண்டு கையையும் நீட்டி அவன் அக்குளில் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் ஒரு முழங்காலை வைத்தேன்.

"நீ இருடா பாப்பா," என்றார் அப்பா.

"என்னாப்பா?"

"நீ உள்ள போ. அம்மா வந்து கூட்டிட்டுப் போவா."

"கப்பலு?"

"ஒனக்கு இன்னொரு தடவ. இப்ப டிக்கெட்டு தம்பிக்கு மட்டுந்தான் எடுத்துருக்கேன்."

அவர் சட்டைப்பையில் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. மேல்வரியில் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே தம்பியின் பெயர், வயது ஐந்து. அதற்குக் கீழே வெறும் தாள்.

இந்த இடத்தில், பொறுப்புள்ள அக்காவாக நான் ஏதோ புரிந்துகொண்டு நடந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கப்பலைச் சுற்றிப்பார்க்க எதற்கு டிக்கெட் என்றுகூட நான் யோசிக்கவில்லை. எனக்குப் பொறாமை, அவ்வளவுதான். வழியைக் கண்டுபிடித்தவள் நான், பெஞ்சைத் தூக்கிப் போட்டவள் நான், முட்டையும் ரொட்டியும் இந்தக் கழுதைக்கா என்று உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியின் இடது காலை எட்டிப் பிடித்தேன்.

"விடு பாப்பா. நேரமாச்சு."

"நானும் வருவேன்."

"சொன்னாக் கேளு, தங்கம்ல."

"அப்ப அவனும் வரமாட்டான்."

அப்பா அந்தப் பக்கம் இழுத்தார், நான் இந்தப் பக்கம் இழுத்தேன். தம்பி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொண்டையைத் திறந்தான். அன்றைக்கு அவன் போட்ட கூச்சலுக்கு வாழைமரத்திலிருந்த மைனாக்கள் கிளம்பிப் போயின. அவன் செருப்பு ஒன்று கழன்று என் முகத்தில் விழுந்தது. நான் விடவில்லை. இரண்டு கையாலும் கணுக்காலைக் கட்டிக்கொண்டு பெஞ்சின்மேல் தொங்கினேன்.

ஆன்ட்டி ஓடிவந்தார். ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் எனக்கு வைத்திருந்த கிச்சடித் தட்டு. இரண்டு பேர் குறைகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத் தேடியிருக்கிறார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, பிரசவ வார்டில் எத்தனை குழந்தைகளைத் தூக்கிய கைகளோ அவை, சுவர்மேல் இருந்தவனின் இடுப்பில் ஒரு கையைப் போட்டு இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பாவைத் திட்டவில்லை.

"சோடோ," என்றார் மெதுவாக. விடு. "தீவார் சே பச்சா நஹி தேதா." சுவர் வழியாகப் பிள்ளை கொடுப்பதில்லை.

அப்பா விடவில்லை. அவர் முகம் சுவருக்கு மேல் இருந்தது, கன்னம் தம்பியின் முதுகில் பதிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கீழே துறைமுகத்தில் கப்பல் ஒரு தடவை ஊதியது.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டில் ஆட்டோ ஒன்று மேடேறி வந்து நின்றது. அம்மா இறங்கினாள். புடவையிலும் தலைமுடியிலும் சாக்குத்தூசி. துணிக்கட்டுகளைப் பாதியிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஓடிவருவாள் என்று நினைத்தேன். நடந்துதான் வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சண்டை வரப்போகிறது என்று நான் காலை இன்னும் கெட்டியாகப் பிடித்தேன்.

"உள்ள விடுங்க அவன. கேட்டுல வந்து பேசிக்கலாம்," என்றாள்.

அப்பா கையை எடுத்தார். தம்பி சட்டென்று எங்கள் பக்கம் சரிந்து ஆன்ட்டியின் மேல் விழுந்தான்.

கேட்டில், வெயிலில், இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். நானும் தம்பியும் உள்ளே. அப்பா பேசத் தொடங்கினார். அம்மாவிடம்தான் பேசினார், ஆனால் எங்களைப் பார்த்தபடி பேசினார்.

"கோத்தகிரில எங்கண்ணன்கிட்ட பேசிட்டேன். அங்க பள்ளிக்கொடம் இருக்கு. மலை. தண்ணி ஏறாது. அவன் அங்க இருக்கட்டும், இவ ஒங்கிட்ட இருக்கட்டும்."

"எங்கிட்ட கேக்காம எடுத்துட்டுப் போவீங்களோ?"

"கேட்டா விடமாட்ட. மூணு காயிதம் போட்டேன்ல. ஒண்ணுக்காச்சும் பதில் எழுதினியா?" அப்பாவின் குரல் இறங்கியது. "அன்னிக்கி மூணும் ஒரே எடத்துல நின்னு வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்கு ரெண்டு கைதான இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்க வேணாம்டி. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க இருந்தா, எது வந்தாலும் ஒண்ணாவது மிஞ்சும்."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முட்ட எங்க?" என்று என்னிடம் கேட்டான். ஆன்ட்டி நோட்டை மூடி மடியில் வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அப்பா பேசியது கப்பலில் இடப் பற்றாக்குறையைப் பற்றி என்று எண்ணிக்கொண்டேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. டிக்கெட் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, பாவம். கூட ஒன்று கிடைத்திருந்தால் என்னையும் ஏற்றியிருப்பார். மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அம்மா மணிபர்ஸைத் திறந்து இரண்டு பாதி அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். ஏழு நாளாகத் தினமும் பார்க்கிற முகம்தான். இருந்தாலும் ஆன்ட்டி என் சட்டையிலிருந்ததைக் கழற்றி, அம்மா வைத்ததோடு சேர்த்துப் பொருத்திப் பார்த்தார். தம்பியுடையதையும் பார்த்தார். நோட்டில் நேரம் போட்டார். கேட்டைத் திறந்தார்.

நாங்கள் வெளியே வந்தோம். அம்மா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்தாள். ஆனால் நகரவில்லை. திரும்பி, ஆன்ட்டியிடம் பெயரெழுதிய அந்த அட்டையை எடுக்கச் சொன்னாள். முதலில் இந்தியில் சொன்னாள். பிறகு அதையே, அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும்படி, தமிழில் சொன்னாள்.

"அக்கா, அந்தக் கோட்ட அடிச்சுட்டு இவரு பேர எழுதிக்கங்க. இவரு எப்ப வந்தாலும் புள்ளைகள விடுங்க. ஆனா ரெண்டையும் சேத்துத்தான் விடணும். ஒத்தப் புள்ளையா யார்கிட்டயும் குடுக்காதீங்க. நானே வந்து நின்னு கேட்டாலும் குடுக்காதீங்க."

அப்பா பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். ஆன்ட்டி எழுதினார். எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அடுத்த தடவை என்னை விட்டுவிட்டுத் தம்பிக்கு மட்டும் கப்பல் காட்ட யாராலும் முடியாது.